இடது பொத்தான்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்தில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினை ஓட்டியவர் அவர். ஒல்லியான உடம்பில் கைகள் மட்டும் பெரியவை. இரண்டு கையும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். விரல் சிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. அவரோ இடது பொத்தான் அமுங்கியே நிற்கும்படி தீக்குச்சியைச் செருகிவிட்டு, அந்தக் கையால் தகடு வைப்பார்.

“வாணாம்ண்ணா, கை பூடும்,” என்றேன்.

“பர்மனென்ட் ஆளுங்களுக்கு மாசச் சம்பளம். நாம கான்ட்ராக்ட்டு, பீஸ் கணக்கு. அவுங்க மாதிரி ஊடு கட்டணும்னா தெறமய காட்டணும், நைனா,” என்று சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவர் வரவில்லை; ஏனென்று யாரும் சொல்லவில்லை. அவர் ஓட்டிய எண்ணிக்கையை சூப்பர்வைசர் எங்கள் எல்லோருக்கும் டார்கெட்டாகப் போர்டில் எழுதினார்.

பீடி பழக்கமே இல்லாத என் சட்டைப்பையில் இப்போது தீப்பெட்டி இருக்கிறது.