நாலாவதாக நின்ற சரோஜா அக்கா

கேமரா தூக்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பொத்தானை அமுக்குவதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடைசி வேலை, அதற்கு முன்னால் எதிரில் இருக்கிறவர் நிற்கச் சம்மதிக்க வேண்டும்.

முதல் நாள்

சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் மலேசியாவுக்கு ஊர் திரும்பி, பல்கலைக்கழகத்தில் புகைப்படமும் ஊடகத் தொடர்பியலும் படிக்கச் சேர்ந்தேன். வயது போன பிறகு புத்தகப் பை தூக்கியவர்களே, மிச்சத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் வகுப்பே எழுந்து நின்று மலாயில் காலை வணக்கம் சொன்னது. நான் தலையசைத்துவிட்டு இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் காதோரம் சொன்னாள்: "ஆண்டி, பேரண்ட்ஸ் எல்லாம் வெளியிலதான் வெயிட் பண்ணணும்லா."

பட்டுச்சேலை

கடைசிப் பருவத்தில் ஒரு படத்தொகுப்பு செய்ய வேண்டும். அது தேறினால்தான் பட்டம். பட்டம் கையில் இருந்தால் சிரம்பானில் ஒரு சஞ்சிகைக்காரர் படப்பிடிப்பாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் பருவம் முழுவதும் மறுபடி. இருபது வயதுக்காரர்களுக்கு அது ஒரு சலிப்பு. எனக்கு அந்த வேலை வேறு யார் கைக்கோ போய்விடும்.

சிரம்பான் பக்கம், ராசா என்ற ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்பு 'ஒரு வீடு'. கேமராவும் கையுமாகப் போன என்னைத் தோட்டத்திலும் டீச்சர் என்றே நினைத்துக் கூப்பிட்டார்கள். என்னை மேற்பார்வையிட்ட விரிவுரையாளரை எல்லாரும் மலாய் வழக்கப்படி புவான், அதாவது மேடம், என்று கூப்பிடுவோம். அவர் போட்ட விதி இரண்டு: இருக்கிறபடி எடுக்க வேண்டும், அந்தந்த வீட்டு ஆட்கள் மட்டும்தான் படத்தில் இருக்க வேண்டும்.

முதல் வீட்டு அம்மா உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கன்னத்தில் மண். அற்புதமான வெளிச்சம். "இப்படியே நில்லுங்க" என்றேன். "தோ வரேன்" என்று உள்ளே போனவர் வெளிச்சமெல்லாம் போன பிறகு பட்டுச்சேலையும் பவுடருமாக வந்தார். வேலை உடுப்பில்தான் அழகு என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்கு நான் போயிட்டா, பேப்பர்ல போட அந்த பூட்ஸ் படத்தயா எடுத்துக் குடுப்பாங்க?"

மூணு ஆகாது

பட்டுச்சேலையை ஏற்றுக்கொண்டேன். கணவன், மனைவி, மாமியார் மூவரையும் வாசலில் நிறுத்தினேன். நடுவில் நின்ற மாமியார் நழுவி ஓரத்துக்குப் போனார். மருமகளை நடுவில் விட்டேன், அவரும் நழுவினார். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் உயிருக்கு ஆகாது என்பது அங்கே சட்டம். "சரோஜாக்கா!" என்று கணவர் லயத்து வரிசை வீடுகளின் கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

கோடி வீட்டில் தனியாக இருக்கும் சரோஜா அக்கா, கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவர்போலத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நாலாவதாக நின்றார். அடுத்த வீட்டிலும் மூன்று பேர்தான். பிள்ளைகளெல்லாம் அம்பாங்கானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட தோட்டத்தில் வேறு எப்படி இருக்கும்? அங்கேயும் சரோஜா அக்கா. அதற்கடுத்த வீட்டில் நான் கேமராவை எடுப்பதற்கு முன்பே வந்து நின்றுவிட்டார். "உங்களுக்குச் சிரமமில்லையாக்கா?" என்றேன். "என்னா சிரமம்? ஒரு ஆளு குறையுதுன்னுதான கூப்புடுறாங்க."

வெட்டலாமா?

படங்களைப் பார்த்த புவான், "இந்த அம்மா எல்லா வீட்டுக்கும் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் இவரை நீக்குங்கள். இல்லாவிட்டால் விதியை மீறியதாகிவிடும்."

நீக்குவது கணினியில் பெரிய வேலை இல்லை. எல்லாப் படத்திலும் அவர் ஓரத்தில்தான் நிற்கிறார். ஆனாலும் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. தோட்டத்துக்குப் போய், ஓரத்தை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று முதல் வீட்டாரிடம் கேட்டேன். பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜா அக்கா திரும்பினார். கோபமே இல்லை, கணக்குத் தெரியாத பிள்ளையிடம் பேசுகிற குரல். "என்னைய வெட்டிட்டா, மிச்சம் மூணுதான டீச்சர்?"

தேர்வு

வீடு திரும்பும் வழியில் முடிவு செய்தேன். ஒருவரையும் வெட்டவில்லை. தலைப்பை வெட்டினேன். 'ஒரு வீடு' போய் 'நாலாவது ஆள்' வந்தது. சரோஜா அக்கா ஓரத்தில் நிற்கும் படங்களையே வரிசையாக மாட்டினேன். புவான் பெருமூச்சு விட்டு, "கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான சீனர். சுவரோரமாக நடந்தார், நின்றார், திரும்பி முதல் படத்துக்கே வந்தார். சஞ்சிகை வேலை என் கண் முன்னாலேயே நடந்து வெளியே போவதுபோல இருந்தது. "யார் இவர்?" என்றார். மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன்: மூன்று பேர், நடு ஆள், கோடி வீடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு புவானிடம் சொன்னார்: "எங்கள் வீட்டில் அம்மா ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார்."

பட்டமளிப்பு

தேறினேன். வேலையும் கிடைத்தது. செய்தியைச் சொல்லப் படங்களோடு தோட்டத்துக்குப் போனேன். சரோஜா அக்காவை மட்டும் தனியாக ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு என்று சிரித்து மழுப்பிவிட்டார். பட்டமளிப்பு விழாவுக்காவது வாருங்கள் என்றேன். அவ்வளவு பெரிய இடத்தில் தனக்கு என்ன வேலை என்று அதற்கும் மறுத்துத் தலையாட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலக் கேட்டார்.

"உங்க வூட்டுல எத்தன பேரு?"

"நான், அவரு, மக. மூணு பேருக்கா."

சரோஜா அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் வந்துதான் ஆவணும். பட்டு எதக் கட்டட்டும், பச்சையா நீலமா?"

இப்போது அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அங்கியும் தொப்பியுமாக நிற்கும் என்னை விட்டுவிட்டு, ஓரத்தில் நீலப் பட்டில் நிற்கும் அம்மா யார் என்றே வருகிறவர்களெல்லாம் கேட்பதால், பட்டம் வாங்கிய பிறகும் நான் அதே தேர்வைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.