சாட்சி பார்த்த பின்சக்கரம்

நான் அருள்நம்பி, சேந்தமங்கலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர். சிறுவயது முதல் சினிமா ரசிகன். இன்று நிகழ்ந்ததை, பிறர் பெயர்களை மாற்றி, இங்கே பதிவு செய்கிறேன்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில், அன்னாசி விற்கும் மாரப்பன் என் அருகில் அமர்ந்தார்.

கொண்டை ஊசி வளைவில் லாரி மோதி, பைக்கில் வந்த ஒருவர் இறந்த வழக்கில், இறந்தவரின் மனைவிக்காக நான் வாதாடுகிறேன். விபத்தைப் பார்த்த ஒரே சாட்சி மாரப்பன். நாளை அவர் கூண்டேற வேண்டும். அன்று பார்த்ததைச் சொல்லச் சொன்னேன்.

“பைக் கவுந்து கெடக்குதுங்க சார். பின்சக்கரம் மட்டும் சுத்துது. பக்கத்துல ரேடியோ பாடிக்கிட்டே இருக்குதுங்க.”

இறந்தவரிடம் ரேடியோவே இல்லை. அது, நான் பலமுறை பார்த்து அழுத ஒரு பழைய படத்தின் காட்சி.

படத்தை நினைவூட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களும் பாத்தீங்களா? சினிமாக் கொட்டாயில அழுதுபோட்டேனுங்க!”

பிறகு அவரே அடங்கிப்போனார்.

“அப்ப லாரி தப்பான பக்கம் வந்துச்சே, அதுவும் படத்துல பாத்ததுங்களா? எது நான் நெசமாப் பாத்ததுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க சார்.”

சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமையில்லை.

“சந்தேகமில்லாமத் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க, மாரப்பன்.”

“அப்படீன்னா ஒண்ணுமே சொல்ல முடியாதுங்களே!”

இறந்தவரின் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சினிமாவே பார்க்காத சாட்சி ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தால், கீழே தெரிவிக்கவும்.

(ஒப்பம்) அருள்நம்பி

சாட்சிகள்:
செல்வம், நடத்துநர்
ராணி, முன் இருக்கைப் பயணி
(இருவரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்.)