பெல்ட்டை இழுத்துப் பார்த்தவர்

ஷோரூம்காரர் சாவியை என் கணவரிடம்தான் நீட்டினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புருஷன், பெண்டாட்டி, பன்னிரண்டு வயதுப் பெண் என்று மூன்று பேர் போய் நின்றால், அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் சாவி அந்தப் பக்கம்தான் போகும். என் கணவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓட்டப்போறது அவங்க" என்றார்.

ஷோரூம்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். செருப்புப் போட்டால் எனக்கு கிளட்ச் பிடிபடாது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் வியாபாரம் தெரிந்த மனிதர், சிரித்துக்கொண்டே சாவியை என் பக்கம் திருப்பினார்.

என் கணவர் சாவியைத் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஸ்கூட்டரில் அச்சரப்பாக்கத்தில் தான் வேலை பார்க்கும் வங்கிக்குப் போகும்போது, படாளத்தைத் தாண்டியதும் அவருக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. நல்ல வேளை, ரோட்டோர மணலில் விழுந்தார். கூடிய ஜனங்கள் நல்ல ஜனங்கள்தான். ஆனால் வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பிடிவாதம் உண்டே. ஆளாளுக்குத் தங்கள் சாவியை அவர் கையில் திணித்திருக்கிறார்கள். கண் விழித்தபோது இரண்டு கையிலும் யார் யாருடைய சாவியோ. தன் கடை ஷட்டர் சாவியைத் திருப்பி வாங்க ஒருவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நான் அங்கேதான் நர்ஸ். 'சாவியைக் கொடுக்காதீங்க, ஒருபக்கமா படுக்க வைங்க' என்று வார்டு வாசலில் தொண்டை கிழியக் கத்தியவள். என் புருஷன் சட்டைப் பையிலிருந்தே அந்தச் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ வண்டிப் பைத்தியம். அந்த ஸ்கூட்டரை விற்கவும் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டாண்டில் நிறுத்தியபடியே உதைத்துக் கிளப்புவார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டுப் போர்வையைப் போட்டு மூடிவிடுவார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் ஒரு மொபெட் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது பின்னால் உட்காருங்கள் என்றேன். நான் தலைகீழாக நின்றும் மனிதர் ஏறவில்லை. சித்திரை வெயிலில் நடந்தே போவார். அவர் நடக்கிற வேகத்துக்கு நான் மொபெட்டை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே போவேன். அவருடைய சாப்பாட்டுக் கூடை மட்டும் வண்டியில் ஜம்மென்று வரும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போனால் மீசை உதிர்ந்துவிடுமோ என்று நானும் வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் பதிலே சொன்னதில்லை. ஆம்பிளைத் திமிர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கார் யோசனை எனக்குத்தான் வந்தது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை அவர். எனக்கு இருந்தது ஒரே கேள்வி. நான் ஓட்டுகிற வண்டியில் இவர் ஏறி உட்காருவாரா, மாட்டாரா. மாட்டார் என்றால் எங்கள் வீட்டுக்குக் கார் எதற்கு, மொபெட்டே போதும். அன்றைக்கு ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம்.

ஷோரூம் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. சின்ன வண்டி, வெள்ளை நிறம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் ஒரு அரிசி மூட்டையும் ரெண்டு பையும் வைக்கலாம். என் மகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, முட்டி இடிக்கிறதா என்று பார்த்து, இடிக்கவில்லை என்று அறிவித்தாள். ஷோரூம்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்காரர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மேடம். அங்க வரைக்கும் ஓட்டிப் பாருங்க" என்றார்.

என் கணவர் இடதுபக்கக் கதவைத் திறந்தார். ஏறவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். சீட்டுக்கும் கியருக்கும் நடுவில் கையை விட்டு ஜாண் போட்டார். பிறகு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்தது. விட்டார், உள்ளே போனது. வெடுக்கென்று இழுத்தார். நின்றுவிட்டது. மறுபடியும் மெதுவாக, மறுபடியும் வெடுக்கென்று.

"இன்னாங்க பண்றீங்க, ஏறுங்க" என்றேன்.

ஏறினார். இரண்டு வருஷம் ஆயிற்று ஐயா, நான் பிடிக்கிற வண்டியில் அவர் முதல்தடவை ஏற. நான் ஒன்றும் சொல்லாமல் கிளப்பினேன். வாயைத் திறந்தால் இறங்கிவிடுவாரோ என்று பயம்.

ஊரைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் ரோட்டுக்கு வந்ததும் ஷோரூம்காரர் ஆரம்பித்தார். முன்பு டிராக்டர் விற்றவராம் அவர். டிராக்டர் வாங்க ஊரே திரண்டு வரும், ஆளுக்கொரு உதை டயரை உதைப்பார்கள், வியாபாரம் முடிந்தது என்று சிரித்தார். பிறகு மைலேஜ், ஏசி, சர்வீஸ் எல்லாம் சொன்னார். வண்டிப் பைத்தியமாயிற்றே, இவர் ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். மைலேஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார், பக்கவாட்டில் சாய்ந்தார், அதையே செய்துகொண்டிருந்தார்.

"பெல்ட்டெல்லாம் போலீஸ் நிக்கிற எடத்துல போட்டா போதும் சார்" என்றார் ஷோரூம்காரர்.

"பக்கத்துல கீறவன் திடீர்னு சாஞ்சா, ஸ்டியரிங்ல வுழுவானா?"

ஷோரூம்காரருக்கு இந்தக் கேள்வி பிடிபடவில்லை. "தூங்கிட்டா சொல்றீங்களா சார்?"

"தூங்கறதில்ல. வெடுக்குனு."

அவர் ஏதோ சமாளித்தார். எனக்கும் பிடிபடவில்லை. என்னதான் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் இந்த மனிதர் என்று தலைக்குள் குடைச்சலாக இருந்தது. ஆனால் எதிரே பஸ் வருகிறது, ஓரத்தில் ஆடு வருகிறது, நான் ரோட்டைப் பார்ப்பேனா இவரைப் பார்ப்பேனா. மூன்றாவது கியரிலேயே வந்துகொண்டிருந்தேன். நாலாவது போடு என்று அவர் ஒரு தடவை கண்ணைக் காட்டினார். போட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்துக்காரர் உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்து வண்டியைச் சுற்றினார். பானட்டை விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டினார். "தகரம்பா" என்றார். கருங்கல்லோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு வேறு எப்படித் தெரியும். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஷோரூம்காரர் முகம் சுண்டிவிட்டது. இனி அவருக்கு மிச்சம் நாங்கள்தான்.

கடற்கரைக்குப் போய் மகளுக்கு ஒரு சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். ஊரை விட்டு வெளியே வந்ததும் நேரான ரோடு. இரண்டு பக்கமும் வயல், ஒரு வண்டி இல்லை. என் கணவர் முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"மெதுவா, ஒரே நேரா போ. ஒண்ணு செஞ்சி பாக்கணும்."

"இன்னா செய்யப்போறீங்க?"

"உன் மேல வுழப்போறேன்."

பின்னால் ஷோரூம்காரர் சிரித்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "பொண்ணைப் பின்னாடி வெச்சிகினு இன்னா பேச்சு பேசறீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு வந்துச்சின்னா எந்தப் பக்கம் சாய்வேன்னு எனக்குத் தெரியாது. மொபெட்ல உன் பின்னாடி ஒக்காந்தா உன்னையும் சேத்து இழுத்துகினு லாரிக்கு அடியில போயிடுவேன். அதான் ஏறல. இதுல பெல்ட்டு கீது. பிடிக்குதான்னு பாத்துரணும்."

ஷோரூம்காரருக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் அவரிடம் குனிந்து, "அப்பாவுக்கு வலிப்பு வரும் அங்கிள்" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த மனிதர் ரெண்டு வருஷமாக வெயிலில் நடந்தது எனக்காகவா. "இத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு?"

"சொன்னா, ஒண்ணும் ஆகாது ஒக்காருன்னு சண்ட போடுவ. உனக்குத்தான் பயமே கெடையாதே. நேரா புடி."

நேராகப் பிடித்தேன். அவர் வெடுக்கென்று என் பக்கம் விழுந்தார். பெல்ட் டக்கென்று பிடித்தது. ஆனால் அவர் கை நீண்டு வந்து என் முழங்கையை இடித்தது. வண்டி லேசாக ஆடி நின்றது, நான்தான் ஓரம் கட்டிவிட்டேன். ஷோரூம்காரர் இப்போது சிரிக்கவில்லை. தானே இறங்கி வந்து, இடதுபக்க சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினார். "இப்ப ஒரு வாட்டி பாருங்க சார்" என்றார்.

மறுபடியும் கிளப்பினேன். மறுபடியும் விழுந்தார். கை எட்டவில்லை. காலை விறைப்பாக நீட்டி என் பெடல் பக்கம் வருகிறதா என்று பார்த்தார். நடுவில் கியருக்குக் கீழே இருந்த மேடு தடுத்தது, வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தரம் விழுந்தார். நான் வண்டியை ஆடவிடவில்லை. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ம்" என்றார்.

"டிராக்டர்ல இந்த வசதியெல்லாம் கெடையாது சார்" என்றார் ஷோரூம்காரர்.

திருக்கழுக்குன்றம் தாண்டியிருப்போம். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தலை ஜன்னல் பக்கம் சரிந்து கிடந்தது. ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டு அவர் தாடையைப் பிடித்தேன். தாடை இறுகவில்லை. விரல்கள் மடங்கவில்லை. இமை துடிக்கவில்லை. எத்தனை பேருக்குப் பார்த்த கை, அன்றைக்கு நாடியைத் தேடித் தடவியது.

"அம்மா, கொறட்ட" என்றாள் மகள்.

ஆமாம், குறட்டைதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த ரெண்டு வருஷமாக அவர் பஸ்ஸில் கண்ணை மூடியதில்லை. நானும் கூடப் போயிருக்கிறேன். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அச்சரப்பாக்கம் வரைக்கும் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். கண் அயர்ந்தால் எங்கே வலிப்பு வந்துவிடுமோ என்று பயம். வீட்டிலும் ராத்திரி என் தூக்கம் கெட்டால் பக்கத்தில் அவர் விழித்துக்கொண்டுதான் இருப்பார். இப்போது இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை மெதுவாக எடுத்தேன். குழி வந்தால் சுற்றிப் போனேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தபோது, அவனுக்கு வழிவிட்டு மனசுக்குள் திட்டினேன். செங்கல்பட்டு வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பினேன். ஷோரூம் வந்தது. அடுத்து ஓட்டிப் பார்க்கக் காத்திருந்த ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வாசலில் எழுந்து நின்றார். நான் பிரேக்கில் காலை வைக்கவில்லை.

"மேடம், ஷோரூம் தாண்டிட்டீங்க" என்றார் ஷோரூம்காரர், மெதுவாக.

"தெரியும்."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் முன்சீட்டை எட்டிப் பார்த்தார். கையைக் காட்டி என் மகளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"பெட்ரோல் கீது மேடம்" என்றார். "போங்க."