திருப்பினாலும் 69069

எண் அடிக்கும் பஞ்ச் பெட்டியில் ஒன்பதுக்கென்று தனி அச்சு கிடையாது. ஆறைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் ஒன்பது. பம்புசெட் தொழிற்சாலையில் தகடுகளில் வரிசை எண் அடிக்கிறவருக்கு ‘ஆறொன்பது’ என்று பேர் விழுந்தது அப்படித்தான். அடிக்கிற எண்ணையெல்லாம் மனசுக்குள் வகுத்துப் பார்க்கும் கிறுக்கும் அவருக்கு உண்டு.

“என்ன மாமா, இன்னிக்கு எது சிக்குச்சு?” என்று வம்புக்கிழுப்பான் மச்சினன். மனைவியின் தம்பி, தகடு மாட்டும் வேலை. இவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

“சொன்னா உனக்குப் புரிஞ்சிடுமாக்கும்! தகட்டை நேரா மாட்டுற வழியைப் பாருடா.”

முன்பொரு தடவை அவன் தலைகீழாக மாட்டி, 60606 என்பது 90909 ஆகிப் பெரிய ரகளையாகியிருந்தது.

69069 வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இருபத்துமூன்று என்று வந்து நின்றதற்கெல்லாம் மீதியில்லாமல் பங்கு கொடுத்தது. அந்த ஐந்தையும் பெருக்கினால் மறுபடி அதே எண். அந்தக் கிறக்கத்தில் அடுத்த தகட்டிலும் அதையே அடித்துவிட்டார்.

புகார் வந்தபோது மேஸ்திரி கத்தினார்: “ரெண்டு பம்பு, ஒரே நம்பர்! ஆறும் ஒன்பதுமா இருக்கு. வேற ஏதோ தகட்டைத் தலைகீழா மாட்டியிருக்கான். யாருன்னு வேற சொல்லணுமா?”

“மாமா, நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன். நீங்களாச்சும் சொல்லுங்க.”

69070 அடித்த ஞாபகமே இல்லை என்பது அவருக்கு அப்போதே உறைத்தது. குனிந்து பஞ்ச் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலமே மச்சினனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேலை தேடி வெளியூர் போனான்.

சில வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். “அப்படி என்னங்க பொல்லாத நம்பரு, என் தம்பி பொழப்பைக் கெடுத்தது?”

எண்ணைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு நாக்கு நிற்காது. காகிதத்தில் பெரிதாக எழுதினார்.

“இதைத் தலைகீழாத் திருப்பு. என்ன வருது?”

“அதேதான் வருது.”

“அதான் இதோட அழகே!”

அவள் இன்னொரு முறை திருப்பினாள். “இதைத் திருப்பினா இதுவேதான்னா, வேற எந்தத் தகட்டைத் திருப்பினாலும் இது வராதே?”

அவர் காகிதத்தை வாங்கி மடித்தார்.

“அப்ப ரெண்டாவதை அடிச்சது யாருங்க?”

மறுநாள் மேஸ்திரியிடம் போய் உள்ளதைச் சொன்னார். “அட விடுங்கய்யா, வரச் சொல்லுங்க அவனை” என்று மேஸ்திரி சர்வசாதாரணமாகச் சொன்னார். மச்சினனுக்கு ஃபோன் போட்டபோது பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. திரும்ப வருவதற்கில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றான்.

“தப்பு என்னோடதுடா.”

“அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க நிமிர்ந்தே பார்க்கலையே.” கொஞ்சம் நிறுத்தி, “கூப்பிட்டதுக்கு நன்றிங்க” என்று வைத்துவிட்டான்.

அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.