உள்மடிப்பில் ஒரு சிவப்பு முடிச்சு

என் அண்ணி யாரையும் நம்ப மாட்டாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பொத்தான் அட்டை வாங்கினால் கடை வாசலிலேயே நின்று பன்னிரண்டும் இருக்கிறதா என்று எண்ணுவாள். மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பாள். தேதி சரியாக இருந்தால், "இத எப்ப அச்சடிச்சானோ" என்பாள். அவளோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் எனக்கு இரண்டு நாள் தலைவலி.

அவளும் நானும் சேர்ந்து பழைய துணி திருத்தும் கடை வைத்திருக்கிறோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவிக்காரருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரே அறை. இரண்டு மிஷின், ஓர் இஸ்திரி மேசை, ஆளுயரக் கண்ணாடி. அண்ணி வெட்டித் தைப்பாள். கொக்கியும் பொத்தானும் ஜிப்பும் என் பாடு. வருகிற ஒவ்வொரு துணியிலும், வெளியே தெரியாத உள்மடிப்பில், நூலால் ஒரு முடிச்சு போட்டுவிடுவாள். ஆளுக்கொரு நிறம். "துணி மாறிப்போச்சுன்னு நாளைக்கு எவனும் வந்து நிக்கக்கூடாது பாரு."

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. பதினெட்டு வருடத்துக்கு முன் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் எரிந்துபோயின. பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தோம். நல்ல குளிர். என் அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி. போர்வை வருகிறது, வருகிறது என்றார்கள். வந்தது, ஆனால் எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் அண்ணன் போய்விட்டான். அடுத்த மாதம், போர்வை பங்கிட்ட அதிகாரியின் கார் சாலையோரம் நின்றது. பின்சீட்டில் மூன்று போர்வை மடித்து வைத்திருந்தது. பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்த அதே பச்சைக் கோடு. அண்ணி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அதோடு சரி.

அதனால்தான், போன மாதம் மலைப்பக்கம் நிலம் நடுங்கி ஊர் ஊராக இடிந்தபோது, ஒட்டுப் போர்வை தைத்து அனுப்பலாம் என்று நூலகத்தில் பேச்சு கிளம்பியதும் நான் முதலில் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். எண்பது பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைப்பது. இருபது கட்டத்தை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒரு போர்வை. ஆக நாலு போர்வை. எல்லோருக்கும் ஒரே நீலத் துணி, ஒரே சாம்பல் துணி, ஒரே நூல்கண்டு, மாதிரியும் அளவும் அச்சடித்த ஒரே தாள். இணைக்கிற வேலை மெத்தைக்காரம்மாவுக்கு. அவர் தெருக்கோடியில் மெத்தை விரிப்பு தைத்து விற்பவர்.

"விரிப்பு விக்கறவகிட்டயா குடுக்கறாங்க? பேஷ்! நல்ல கட்டமாப் பாத்து எடுத்து அவ வித்துக்குவா, ஒண்ணுக்கும் ஆகாதத மலைக்கு அனுப்புவா."

"அப்போ தெக்காதீங்க அண்ணி. யாரு கையப் புடிச்சு இழுத்தா?"

"தெப்பேன். தெச்சுட்டுப் பிடிப்பேன்."

தைத்தாள். நாலு முக்கோணம், நடுவில் ஒரு சதுரம். இரண்டு முறை பிரித்து, முனைகள் ஒன்றோடொன்று மோதி நிற்கும்வரை விடவில்லை. பிறகு ஓரத்தில் சிவப்பு நூலால் இரட்டை முடிச்சு, தடவினால் அரிசி மாதிரி தட்டுப்படும். தாளில் பன்னிரண்டரை அங்குலம் என்று போட்டிருந்தது. இவள் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டிருந்தாள். முடிச்சு அந்தக் கூடுதலில்தான் இருந்தது.

"எதுக்கு அண்ணி இவ்ளோ விட்டிருக்கீங்க?"

"பின்னாடி பிரிச்சு விட வேணாமா?"

"ஆளு பெருக்கும். போர்வை பெருக்குமா?"

"இருவத்தஞ்சு வருஷத்துக் கை. அது பாட்டுக்கு விடுது. போய் வேலையப் பாருடி."

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. உடுப்பு தைக்கிறவள் புத்தி உடுப்பிலேயேதான் இருக்கும்.

கட்டத்தைக் கொடுத்த நாளிலிருந்து அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தாள். பால் வாங்கப் போகிற சாக்கில் மெத்தைக்காரம்மா வீட்டு வழியாகப் போவாள். ஒரு நாள் மூச்சிரைக்க வந்தாள். "மாடிக் கம்பியில தொங்குதுடி! நீலமும் சாம்பலும். விக்கறதுக்குக் காயப் போட்டிருக்கா." சாயம் போகிற துணியை அலசிக் காயப்போட்டிருக்கலாமே என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையில் எனக்கும் அதில் பங்கு இருப்பதுபோல் இருந்தது. சிரிப்பாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. தொற்றுநோய் மாதிரிதான் அதுவும்.

அனுப்புகிற நாள். நூலகக் கூடத்தில் நீள மேசைகளில் நாலு போர்வையும் விரிந்து கிடந்தன. நாலு மணிக்கு லாரி. பெண்கள் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி யாரோடும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். எண்பது கட்டம். நான் பின்னாலேயே போனேன். நாலாவது போர்வையின் கடைசி ஓரத்தில் விரல் நின்றது.

"என் கட்டம் இதுல இல்ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அடையாளம் வெச்சுதான் குடுத்தேன். சிவப்பு இரட்டை முடிச்சு. எங்கயும் காணோம். எங்க போச்சுன்னு மெத்தைக்காரம்மாவக் கேளுங்க. அவங்க மாடிக் கம்பியையும் கேளுங்க."

இரண்டு பேர் உடனே தங்கள் கட்டத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி, "எனக்கும் அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றாள், எப்போது என்று சொல்லாமல். இது பற்றிக்கொண்டால் போர்வை லாரி ஏறாது. மெத்தைக்காரம்மா இந்தத் தெருவில் இனி ஒரு தலையணை உறைகூட விற்க முடியாது.

மெத்தைக்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார்.

"அந்தச் சிவப்பு முடிச்சு உங்களுதாம்மா?"

"ஏன், பாத்தீங்களோ?"

"பாத்தேன். அளவுக்கு மேல ஒரு அங்குலம் விட்டிருந்தீங்க. எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவா வெட்டினாத்தான் மூலை சேரும். ஓரத்த வெட்டினேன், முடிச்சு துணியோட கையில வந்துடுச்சு."

வெட்டுகிறவளுக்கு இது விளங்காதா? அண்ணியின் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். ஆனாலும் விட மனம் வரவில்லை.

"வெட்டினது எங்க? குப்பையிலயா?"

"எறிய மனசு வரல. யாரோ மனசுக்குள்ள வேண்டிக்கிட்டுப் போட்ட முடிச்சுன்னு நெனச்சேன். வேற யாரு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல இவ்ளோ பொறுமையாப் போடப் போறாங்க? அந்தக் கட்டத்துக்குப் பின்னாலயே, பஞ்சுக்கு நடுவுல வெச்சுத் தெச்சுட்டேன். மூணாவது போர்வை, வலது மூலை." மேசையிலிருந்த பிளேடை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "நான் சொன்னா நம்ப வேணாம். நீங்களே பிரிச்சுப் பாருங்க."

அண்ணி வாங்கிக்கொண்டாள். எல்லோரும் மூலையைச் சுற்றி நின்றோம். பிளேடு முனையை ஒரு தையலுக்குள் விட்டாள். டக்கென்று ஒரு இழை அறுந்தது. அடுத்த தையலுக்குப் போன கை அங்கேயே நின்றது. வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது.

"யாருக்காகம்மா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார் மெத்தைக்காரம்மா. குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திருடியைப் பிடிக்கப் போட்ட முடிச்சு என்று அண்ணி சொல்லிவிடுவாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கட்டத்தை ஒருமுறை தடவினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள். "போர்வை கெடைக்காமப் போனவரு."

அண்ணி பிளேடை வைத்துவிட்டு, ஊசி கேட்டாள். மெத்தைக்காரம்மாவே நூல் கோத்துக் கொடுத்தார், சிவப்பு நூல். அறுத்த இடத்தைத் தைத்து மூடி, முடிச்சை இந்த முறை வெளிப்பக்கம் போட்டாள். "நாக்கு நீண்டுபோச்சு. மன்னிச்சுக்கங்க" என்றாள், போர்வையைப் பார்த்தபடியே. என் அண்ணி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

நாலு போர்வையும் ஏறின. லாரி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அது மட்டும் மாறாது.

கடைக்குத் திரும்பி வரும்போது கேட்டேன். "அண்ணி, ஏன் முழுசாப் பிரிச்சுப் பாக்கல? உள்ள இருக்காதுன்னு பயந்துட்டீங்களா?"

உள்ளங்கையில் எழுதிய எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

"இல்லடி. இருந்துடுமோன்னு பயந்துட்டேன். இருந்திருந்தா, இந்தப் பதினெட்டு வருஷத்துல இன்னும் எத்தன பேர இப்படி அநியாயமாக் கேட்டிருக்கேன்னு எண்ண வேண்டி வந்திருக்கும்."