நார்வேக்குப் போன என் யோசனை

நார்வேயில் இருக்கும் கீதா, தோட்டக் குழுவில் கிடைத்த தோழி. மாவுப்பூச்சி பிடித்த என் செம்பருத்தி பிழைத்ததே அவள் சொன்ன வைத்தியத்தில்தான்.

போன வாரம், "கறிவேப்பிலைச் செடி வாடுதுக்கா" என்றாள்.

"வூட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சா இன்னா ஆவும்? வெளிய வையி, தன்னால வந்துடும்" என்று உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அப்படியே வைத்திருக்கிறாள். இன்று காலை போட்டோ வந்தது. பனிக்கு நடுவே கறுத்த குச்சி ஒன்று. ஆறு வருஷம் வளர்த்த செடி.

"இப்ப என்னக்கா பண்றது?"

பக்கத்து வீட்டுச் செல்வியிடம் காட்டினேன்.

"வெயில்ல வெக்கச் சொல்லுக்கா, தேறிக்கும்."

"அங்க இப்ப வெயிலே கெடையாதுடி."

"வெயிலு கூடவா இல்ல? இன்னா ஊருக்கா அது!" என்றபடி, குழம்புக்கு என் மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனாள்.

கீதாவுக்குப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

பனியில் செடி வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். உத்திரமேரூர்க்காரர்கள் தயவுசெய்து வேண்டாம். ஒருத்தி சொன்னதே போதும்.