ஐந்து மீட்டர் தண்ணீர்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே மலையேறிக் குமுளி தாண்டி, கேரளத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். கிழக்கே என்றால் மதுரையையும் தாண்டிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஈஸ்வரபாண்டிக்குக் 'கடத்தண்ணி' என்று பெயர் விழுந்திருந்தது. வேதியியல் படித்தவர், தேனியில் குடிநீர் பரிசோதிக்கும் இடத்தில் சில காலம் இருந்துவிட்டு, கொச்சியிலிருந்து புறப்படும் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். ஒன்றரை மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வீட்டிலிருக்கும் நாளில் காலையில் டீக்கடைக்கு வந்துவிடுவார்.

"அங்கன அப்படி என்னதான் வேலை பாக்குறீக?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

"கடல்ல தண்ணி எடுத்து அளந்து பாக்குறோம்."

"தண்ணியப் பாக்கச் சம்பளமா! எங்க மோட்டார் ரூமுக்கு வாங்க, சும்மாவே காட்டுறோம்."

அவர் கோபப்படாமல் விளக்குவார். வண்டியும் ஆலையும் விடுகிற புகையில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அதன் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்புப் பக்கம் நகர்கிறது. இப்படியே போனால் சங்கும் சிப்பியும் ஓடு கட்டுவதற்குத் திணறும்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க பழம் புளிச்சா வியாபாரி கூடையத் திருப்பி அனுப்பிருவான். கடல யாருக்குத் திருப்பி அனுப்புறது?"

கப்பலில் வேலை இப்படி நடக்கும். நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, சுற்றிலும் குழாய்கள் பொருத்திய இரும்புச் சட்டத்தைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். ஒவ்வொரு குழாயும் ஒவ்வோர் ஆழத்தில் மூடிக்கொண்டு, அந்த ஆழத்துத் தண்ணீரோடு மேலே வரும். அதைக் குமிழி விழாமல் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கழுத்தில் சிறிது இடம் விட்டு, பாதரச விஷம் ஒரு துளி சேர்த்து, கிரீஸ் தடவிய கண்ணாடி மூடியைப் பொருத்தி இறுக்குவது ஈஸ்வரபாண்டியின் வேலை. விஷம் இல்லையென்றால் தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சு விட்டு விட்டே அளவை மாற்றிவிடும். அவை செத்தால்தான் தண்ணீர் எடுத்தபடியே இருக்கும்.

முத்துவீரன் அந்தக் கப்பலுக்கு வந்தது ஈஸ்வரபாண்டி சொல்லித்தான். இரண்டு வீடு தள்ளியிருக்கும் மொக்கம்மாளின் ஒரே மகன். தகப்பன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திராட்சைப் பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்தவனை மேல்தள வேலைக்குச் சேர்த்துவிட்டார். சட்டம் மேலே வந்ததும் லேபிள் ஒட்டித் தருவான், பாட்டில்களைத் துடைப்பான். ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதைப் பிடித்த பாட்டில் வெளிக்காற்று பட்டதும் முத்து முத்தாக வேர்த்துவிடும். மேல்மட்டத்துத் தண்ணீர் வேர்ப்பதில்லை.

"இம்புட்டு ஒசரம் ஏறி வந்த அலுப்பு மாமா. வேர்க்காம என்ன செய்யும்?" என்பான் முத்துவீரன். விஷம் விட்டு மூடியதும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேட்பான்: "செத்துருச்சா மாமா?"

"செத்துருச்சு" என்பார் இவர். பிறகுதான் அடுத்த பாட்டில்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது. கடைசிக் குழாய், ஐந்து மீட்டர் ஆழம். முத்துவீரன் லேபிள் ஒட்டிக் கொடுத்தான். ஈஸ்வரபாண்டி தண்ணீர் பிடித்து விஷம் விட்டார். மூடி நேராக உட்காரவில்லை, குனிந்து திருகிக்கொண்டிருந்தார்.

"செத்துருச்சா மாமா?" முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மூடி கைக்கு வரட்டும் என்று அவர் பதில் சொல்லவில்லை. மூடி உட்கார்ந்தது. திரும்பினார். யாரும் இல்லை. சட்டத்தை ஏற்றுவதற்காகக் கழற்றிய, கப்பல் விளிம்பின் தடுப்புச் சங்கிலி இன்னும் மாட்டப்படாமல் தொங்கியது. துடைக்கிற துணி மட்டும் ஈரமாகத் தளத்தில் கிடந்தது. விழுந்த சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டில், எடுத்த விவரம் எதுவும் பதியாததால் கணக்கில் சேராமல் போனது. கழிவுக் கேனில் ஊற்றியிருக்க வேண்டியது. ஈஸ்வரபாண்டிக்குக் கை வரவில்லை. துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊர் வந்ததும் மொக்கம்மாள் வாசலிலேயே கேட்டாள்: "எம் புள்ள நின்ன எடத்துல இருந்து ஒண்ணுமே கொண்டாரலையா தம்பி?"

துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். "தொறக்கக் கூடாதுக்கா. விஷம் கலந்தது."

"தண்ணிக்கு எதுக்குய்யா விஷம்?"

"அப்பத்தான் மாறாது. எடுத்த நிமிஷம் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கும்."

அவருக்கு அது தொழில் பேச்சு. அவள் காதில் அப்படி விழவில்லை.

அடுத்த பயணம் போய்விட்டுச் சித்திரை வெயிலில் திரும்பினார். சோறு போட்டுக்கொண்டே மனைவி ஹேமாவதி சொன்னாள்: "உங்கக்கா வீட்டுப் பாட்டிலு மூச்சு விடுது."

"பாட்டிலாவது மூச்சு விடுறதாவது."

"சிரிக்காதீக. நானும் பாத்தேன்."

கை கழுவுவதற்குள் ஒச்சாண்டி வந்துவிட்டார். மொக்கம்மாளின் கொழுந்தன்; முத்துவீரனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் பொறுப்பு அவருடையது. "ஏப்பா ஈஸ்வரா, ரெண்டு தடவ கருமாதிக்கு நாள் குறிச்சாச்சு. உசுரோட இருக்கவனுக்கு எதுக்குக் கருமாதின்னு சாணியக் கரைச்சு எம்மேல ஊத்த வர்றாக மதினி. சரியாச் சாப்பிடுறது இல்ல. எந்நேரமும் அந்தப் பாட்டில் முன்னாடிதான். புள்ளைகிட்டப் போறேன்னு ஒரு நா அதைத் தொறந்து குடிச்சுட்டா? நீ குடுத்தது, நீயே வாங்கு."

"வாங்கிர்றேன் மச்சான்" என்றார்.

பாட்டில் டிவி ஸ்டாண்டில் இருந்தது. அதற்கு எதிரே டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மொக்கம்மாள் வியர்வையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாட்டிலின் கழுத்தில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

"விடியக்காலையில கயித்துல நிக்கும். உச்சிப்பொழுதுக்கு நகத்து அகலம் மேல வந்துரும். பொழுது சாஞ்சா எறங்கும். உள்ளுக்குள்ள நெஞ்சு ஏறி எறங்குது தம்பி."

"சூட்டுல தண்ணி பெருகும், குளுந்தாச் சுருங்கும். அம்புட்டுத்தான்க்கா."

"எனக்கும்தான் வெயில்ல நெஞ்சு அடிச்சுக்குது. அதுவும் சூடுதானா?"

"அதைக் குடுங்கக்கா. உடைஞ்சா ஆபத்து."

அவள் பாட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எடுத்த நிமிஷம் அப்படியே இருக்கும்னு நீதான சொன்ன? அந்த நிமிஷம் எம் புள்ள நின்னுக்கிட்டுத்தான இருந்தான்?"

நின்றுகொண்டுதான் இருந்தான். ஈஸ்வரபாண்டி வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

மறுநாள் தன் வீட்டில் கிடந்த அதே அளவு, அதே வகைக் காலிப் பாட்டில் ஒன்றைத் தேடியெடுத்து, தன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை அதே மட்டத்துக்கு நிரப்பி மூடி, பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "இதுவும் ஏறி எறங்கும், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். உச்சிப்பொழுதில் இரண்டும் சேர்ந்து ஏறின. கடல் தண்ணீர் ஒரு மயிரிழை அதிகம். உப்புத் தண்ணீர் அப்படித்தான். சாயங்காலம் இரண்டும் சேர்ந்து இறங்கின. இனி ஒப்புக்கொள்வாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கிணற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கெணத்துல யாரு தம்பி விழுந்தது?"

ஈஸ்வரபாண்டி பிறப்பதற்கு முன்னால் அவருடைய சின்ன அத்தை அந்தக் கிணற்றில்தான் விழுந்தாள். வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வெளியூரிலிருந்து வாழ வந்த மொக்கம்மாளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் எழுந்து வந்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சிப்பொழுதில் போனார். ஃபேன் ஓடவில்லை. அறை அடுப்படி மாதிரி கொதித்தது. கிணற்றுத் தண்ணீர் வழக்கம்போல் ஏறி நின்றது. கடல் தண்ணீர் ஏறவில்லை. கயிற்றுக்கும் கீழே, இதுவரை இறங்காத அளவுக்கு இறங்கியிருந்தது. பாட்டில் முழுக்க முத்து முத்தாக வேர்த்து, அடியில் வட்டமாக ஈரம் தேங்கியிருந்தது.

"ஃபிரிட்ஜுல வச்சீகளாக்கா?"

"அது ரிப்பேராகி வருசமாச்சு. கோழிதான் அடையுது அதுல." மொக்கம்மாள் முந்தானையால் பாட்டிலைத் துடைத்தாள். துடைத்த இடம் அவர் கண்ணெதிரேயே மறுபடி பூத்தது. "விடியக்காலையில இருந்து நெஞ்சு ஏறல தம்பி. கீழயே போகுது. சில்லுனு போகுது."

அவர் உள்ளங்கையை வைத்தார். எலும்பு வரை குளிர்ந்தது. எத்தனையோ வருடமாக அவருடைய கைக்குப் பழக்கமான குளிர் அது. இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழேயிருந்து வரும் தண்ணீரின் குளிர். ஆனால் இது ஐந்து மீட்டர் தண்ணீர். லேபிளை அவன் கையாலேயே ஒட்டியிருந்தான். ஏறி வந்த அலுப்பு என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. இது ஏறி வந்ததல்ல.

மூன்று மாதமாக மூடியிருந்த பாட்டிலுக்குள் அந்த நிமிஷம் நிற்கவில்லை. அது இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மொக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "செத்துருச்சா தம்பி?"

முத்துவீரன் கடைசியாகக் கேட்ட அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை, ஹேமாவதியிடமும் சொல்லவில்லை. குரல் மட்டும் வேறு. கேட்ட விதம் அதேதான், பாதி விளையாட்டாக, பதில் வந்தால்தான் அடுத்த பாட்டில் என்பதுபோல. தன்னையறியாமல் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது.

"செத்துருச்சுக்கா" என்றார்.

அவள் அழவில்லை. கயிற்றை அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். பாட்டிலை முந்தானையால் இன்னொரு தரம் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "ஒச்சாண்டிகிட்ட நாள் பாக்கச் சொல்லு" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பழைய சோற்றை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

குச்சனூர் ஆற்றங்கரையில் தர்ப்பைப் புல்லில் ஆளுருவம் செய்து, முத்துவீரனுக்குச் செய்ய வேண்டியதை ஒச்சாண்டி செய்தார். மொக்கம்மாள் கரையிலேயே நின்றாள். தண்ணீரில் கால் வைக்கவில்லை.

ஈஸ்வரபாண்டி அடுத்த பயணத்துக்குப் பாட்டிலையும் கொண்டுபோனார். சும்மா கழிவில் ஊற்ற மனம் வரவில்லை. அளந்துவிட்டு ஊற்றலாம் என்று எடுத்தார். தண்ணீரின் புளிப்பைப் பார்க்க அதில் ஒரு சாயம் விடுவார்கள். மேல்மட்டத்துத் தண்ணீரென்றால் பன்னீர் திராட்சை பிழிந்த நிறம் காட்டும். ஆழத்துத் தண்ணீர் புளிப்புக் கூடியது. நிறம் மஞ்சள் பக்கம் சாயும். முதலில் அளவு தெரிந்த தண்ணீரை விட்டுக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு இந்தப் பாட்டிலைத் திறந்தார்.

கூட வேலை பார்க்கும் அஜய்குமார் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது ரெண்டாயிரத்துக்குக் கீழ உள்ள தண்ணியாச்சே. லேபிள்ல அஞ்சுன்னு இருக்கு. யாரு ஒட்டுனது?"

"லேபிள் சரிதான்" என்றார்.

கருவியை இன்னொரு முறை சோதித்தார். அதுவும் சரிதான். தண்ணீரைக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு, லேபிளை மட்டும் நகத்தால் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறார். ஒவ்வொரு பாட்டிலை மூடியதும், யாரும் கேட்காமலே, "செத்துருச்சு" என்று வாய்விட்டுச் சொல்கிறார். புதிதாக வந்த பையன்கள் ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிச் சிரிக்கிறார்கள். அதைச் சொல்லாமல் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.